சங்கிலி ஒளித்துவைத்த சொல்

சங்கிலி என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. தோளில் எப்போதும் ஒரு நாய்ச்சங்கிலியைத் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு திரிந்ததால் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் வைத்த பெயர். சம்பளம் போடுகிற இடத்தில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவார். ஆள் கறார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாங்கினாலும் அது நல்ல வார்த்தையாக இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது.

செம்புக் கம்பிச் சுருள்களை அடுக்கி வைக்கும் பெரிய கிடங்கு அது. செம்பு என்றால் திருடனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். அதனால் சுற்றிலும் உயரமான சுவர், சுவர்மேல் கண்ணாடிச் சில்லு, உள்ளே ஒரு காவல் நாய், அந்த நாயைப் பழக்கிப் பார்த்துக்கொள்ளச் சங்கிலி. கிடங்கின் பின்பக்கம் கம்பெனி கொடுத்த வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் சிமெண்ட் பூசிய முற்றம், முற்றத்து மூலையில் நாய்க்கூண்டு. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று கேட்கும் தைரியம் அக்கம்பக்கத்தில் யாருக்கும் இல்லை.

காவல் நாய்க்கு முதல் பாடம் குரைப்பது என்று நினைக்கிறவர்கள் நாய் வளர்க்காதவர்கள். குரைக்க எந்த நாய்க்கும் வாத்தியார் வேண்டாம். முதல் பாடம் சாப்பிடாமல் இருப்பது. சுவர் ஏறப்போகிறவன் முதலில் ஒரு துண்டு இறைச்சியை உள்ளே எறிவான். அதில் விஷம் இருக்கும். ஆகவே தட்டு மூக்குக்கு முன்னால் இருந்தாலும், பசி வயிற்றைப் பிராண்டினாலும், பழக்கியவர் ஒரு குறிப்பிட்ட சொல்லைச் சொன்னால்தான் நாய் வாய் வைக்க வேண்டும். தண்ணீருக்கு மட்டும் தடை இல்லை. அந்தச் சொல்லும் அன்றாடம் யார் வாயிலும் வராத சொல்லாக இருக்க வேண்டும். ‘சாப்பிடு’ என்று வைத்துக்கொண்டால், ஒரு லாரிக்காரர் இன்னொரு லாரிக்காரரைச் சாப்பிடச் சொல்லும்போது நாயும் சேர்ந்து சாப்பிட்டுவிடும்.

இந்தத் தொழிலில் சொல் யாரிடம் இருக்கிறதோ நாய் அவருடையது. அதைச் சங்கிலி பட்டுத் தெரிந்துகொண்டார். முதல் நாய்க்கு வைத்த சொல்லைக் கம்பெனி கேட்டபோது, விசுவாசமாக, உள்ளது உள்ளபடி சொன்னார். கொஞ்ச நாளில் அவரைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஓர் ஆள் வந்தார், அந்தச் சொல்லைச் சொன்னார், நாய் அவர் வைத்த சோற்றைத் தின்றது. சங்கிலி பாதி வருஷம் வேலையில்லாமல் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். வந்த ஆளை நாய் கடித்து, அவர் ஓடிப்போய், கம்பெனி மறுபடி சங்கிலியைக் கூப்பிட்டபோது, இவர் சூடு கண்ட பூனையாகத்தான் திரும்பி வந்தார்.

இரண்டாவது நாய் குட்டியாக வந்தபோது கைக்குள் அடங்குகிற அளவு. கம்பெனி அதற்கு ‘டைட்டன்’ என்று பெயர் கொடுத்தது. சங்கிலி அதைக் கடுகு என்று கூப்பிட்டார். காரம் குறையாது என்று அவருக்கு அப்போதே தெரியும். கடுகுக்கு ஒரு சொல் வேண்டும். தெருக்கோடியில் மாடி வீட்டில் இங்கிலீஷ் ட்யூஷன் எடுக்கும் டீச்சரிடம் போனார்.

“டீச்சர், கட்டி வெச்சத அவுத்து விடுறதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாங்க?”

“ரிலீஸ்.”

“வேணாம். சரக்கு ரிலீஸ் ஆச்சான்னு கேட்ல நாள் முழுக்க அதே பேச்சு.”

“லூஸ்னு ஒண்ணு இருக்கு.”

“அய்யோ. அங்க ஒருத்தன ஒருத்தன் கூப்பிடுறதே லூசுன்னுதான்.”

டீச்சர் சிரித்துவிட்டார். அடுத்து ‘அன்லீஷ்’ என்றார். அது டிவியில் மோட்டார் பைக் விளம்பரத்தில் வருகிறது என்று சங்கிலி அதையும் ஒதுக்கினார். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார்.

“அன்ஃபெட்டர்னு ஒண்ணு இருக்கு. ஃபெட்டர்னா காலுக்குப் போடுற விலங்கு. அன்ஃபெட்டர்னா அந்த விலங்க எடுத்து விடுறது.”

“யார் பேசுவாங்க இத?”

“பேச மாட்டாங்க. எழுதுவாங்க, அதுவும் எப்பவாவது. நெஜமான விலங்கு இருக்கணும்னுகூட இல்ல. மனசுக்கு, வியாபாரத்துக்கு, கற்பனைக்கு எல்லாம் எழுதுவாங்க. கட்டுப்பாடு இல்லாததுன்னு சொல்ல, பின்னால ஒரு வாலச் சேத்து ‘அன்ஃபெட்டர்ட்’னு வரும். அதத்தான் ஜாஸ்தி பார்க்கலாம். ‘அன்ஃபெட்டர்’னு ஒரு ஆள் இன்னொரு ஆளப் பாத்துக் கட்டளை போட்டு நான் என் ஆயுசுல கேட்டதில்ல.”

“போடலாமா ஆனா?”

“இலக்கணம் தடுக்காது. விநோதமா இருக்கும், அவ்வளவுதான். ஒண்ணு பாத்தீங்களா, அவுத்து விடுற வார்த்தைக்கு உள்ளயே விலங்கும் உக்காந்திருக்கு.”

சங்கிலிக்கு அந்த வேதாந்தம் வேண்டியிருக்கவில்லை. யாரும் சொல்லாத சொல் என்பது போதும். படி இறங்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கம்பெனிக்கு ‘அன்லீஷ்’ என்று ஒரு பொய்ச் சொல்லைக் கொடுத்தார். சூப்பர்வைசருக்கு நாய் என்றால் காரைவிட்டு இறங்கவே நடுக்கம். அவர் எங்கே சோதித்துப் பார்க்கப்போகிறார்? உண்மையான சொல்லை, முற்றத்துக் கதவைச் சாத்திவிட்டு, தட்டை வைத்துவிட்டு, குனிந்து அடிக்குரலில் சொல்வார். கடுகு அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சொன்ன மறுகணம் தட்டில் முகம் இருக்கும். பக்கத்துக் கிடங்கு நாய்கள் இரண்டு விஷ இறைச்சி தின்று செத்துக் கிடந்த வருஷம், கடுகின் கூண்டுக்கு முன்னாலும் அதே இறைச்சி கிடந்தது. அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் சங்கிலி சிரித்ததாகச் சொல்கிறார்கள்.

டீச்சர் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து காலமானார். அந்தச் செய்தி கேட்டு சங்கிலி வருத்தப்பட்டது உண்மை. கூடவே, இனி இந்தச் சொல் தன் ஒருவனிடம்தான் இருக்கிறது என்று கொஞ்சம் நிம்மதிப்பட்டதும் உண்மை. மனித மனசு அப்படித்தான்.

ஒரு முற்பகல், சுருள்களுக்கு நடுவே நாயோடு சுற்றி வரும்போது, வலது கை தன்னுடையது இல்லை என்பதுபோல் தொங்கியது. சங்கிலி கீழே விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தம் ஓர் இடத்தில் அடைத்துக்கொண்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். உயிருக்கு ஆபத்தில்லை. கால் இழுத்து இழுத்து நடக்கும், கை மெல்ல வரும், புத்தி தெளிவாக இருக்கிறது, எல்லாம் புரிகிறது. பேச்சு மட்டும் போய்விட்டது.

முழுக்கப் போனாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வந்தது: “பரவாயில்ல.” தண்ணீர் கேட்க நினைத்தால் “பரவாயில்ல”. ஊசி வலிக்கிறது என்று கத்தினால் “பரவாயில்ல”. வாழ்நாளில் யாரையும் எதற்கும் மன்னித்துப் பழக்கமில்லாத மனிதர், இப்போது கண்டவரையெல்லாம் மன்னித்துக்கொண்டு படுத்திருந்தார். நர்ஸுகள், என்ன தங்கமான மனுஷன் என்றார்கள். அவருக்கு வந்த கோபத்துக்குக் கட்டிலை உடைத்திருப்பார். அதற்கும் கை வேண்டுமே.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண், பொறுமையானவள். கிளம்புமுன் மனைவியிடம் சொன்னாள்:

“அம்மா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. அவரு தடுமாறும்போது நீங்க வார்த்தைய எடுத்துக் குடுக்காதீங்க. பாவமா இருக்கும், ஆனா குடுக்காதீங்க. அவருக்கா தேவைன்னு வரும்போதுதான் வார்த்தை வரும். நீங்களே சொல்லிட்டா அப்புறம் எப்பவும் வராது.”

மனைவி தலையாட்டினாள். ஒருவர் ஒன்று சொல்லிவிட்டால் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும் சுபாவம் அவளுக்கு. அன்றிலிருந்து தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவர் உதட்டைக் குவிக்க வேண்டும், ‘த’ என்றாவது முயல வேண்டும். அதன் பிறகுதான் டம்ளர் வாய்க்கு வரும்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கேட் வாட்ச்மேன் போனில் சொன்னார்: “அக்கா, நாய் சாப்பிட மாட்டேங்குது. தட்ட வெச்சா மூஞ்சியத் திருப்பிக்குது.” கட்டிலில் படுத்திருந்த சங்கிலிக்கு அது காதில் விழுந்தது. எழுந்து உட்கார முயன்று, விழப் பார்த்து, “பரவாயில்ல, பரவாயில்ல” என்று கத்தினார். வாட்ச்மேன் போனில் அதைக் கேட்டுவிட்டு, “அண்ணனே பரவாயில்லன்றாரே, அப்ப சரி” என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று முதல் வேலையாக முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினார். கடுகு கூண்டிலிருந்து எழுந்து வந்தது. விலா எலும்பை எண்ணலாம். மாட்டு டாக்டர் வந்து ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்; அந்த இடத்தில் முடி மழித்திருந்தது. அவரைப் பார்த்ததும் வால் ஆடிய ஆட்டத்தில் பின்னங்கால் தடுமாறியது. தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். கடுகு பழக்கியபடி உட்கார்ந்தது, அவர் கண்ணைப் பார்த்தது. தலைக்குள் அந்தச் சொல் முழுசாக, பளிச்சென்று இருந்தது. அதன் நீளம் தெரிந்தது, எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தார்.

“பரவாயில்ல.”

நாய் அசையவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அங்கே இரண்டு வாய்க்கும் எட்டவில்லை.

சூப்பர்வைசர் வந்தார். இந்தத் தடவை நாய் எலும்பும் தோலுமாக இருந்ததால் காரைவிட்டு இறங்கினார். தனக்கென்று கொடுக்கப்பட்ட சொல்லை, நாடக மேடையில் ராஜா கட்டளையிடுவதுபோல் கையை நீட்டி, “அன்லீஷ்!” என்று முழங்கினார். கடுகு காதைக்கூட ஆட்டவில்லை. இன்னொரு தடவை முழங்கினார். அதன் பிறகு அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“என்ன சங்கிலி, பொய் வார்த்தையா குடுத்து வெச்சிருக்கீங்க? நெஜ வார்த்தை என்ன?”

“பரவாயில்ல.”

“என்னய்யா பரவாயில்ல? நாய் செத்தாலும் பரவாயில்லையா?”

சங்கிலிக்குக் கண்ணில் நீர் முட்டியது. சூப்பர்வைசர் தன் போனை நீட்டி, இங்கிலீஷ் எழுத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார். அந்தச் சொல் காதால் வந்தது, எழுத்தால் வந்ததில்லை. அவருக்கு அந்த எழுத்துகளில் பாதி தெரியாது. தமிழில் எழுதச் சொல்லி இடது கையில் பேனாவைக் கொடுத்தார்கள். கோடுகோடாக வந்தது. வாயில் வராதது கையிலும் வரவில்லை. பூட்டியது அவர்தான், சாவியை விழுங்கியதும் அவர்தான். வேறு யார்மேல் பழியைப் போட முடியும்?

“இதோ பாருங்கம்மா,” என்று சூப்பர்வைசர் மனைவியிடம் திரும்பினார். மனுஷன் கெட்டவர் இல்லை. குரல் இறங்கியிருந்தது. “எத்தன நாள் ஊசியிலயே ஓட்டுறது? அது துடிச்சுச் சாகுறதுக்கு, வலியில்லாம அனுப்பிடலாம்னு டாக்டர் சொல்றாரு. நாளைக்குக் காலைல வருவாரு. அதுக்குள்ள சாப்பிட்டா நல்லது.”

கார் போய்விட்டது. சங்கிலி முற்றத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தெரிந்த வழியெல்லாம் முயன்றார். மூச்சை இழுத்துவிட்டுப் பார்த்தார். ‘அ’ என்ற முதல் எழுத்தை மட்டுமாவது பிடிக்கலாம் என்று தாடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உதடு தானாக மூடி ‘ப’வுக்குப் போயிற்று. இந்தச் சொல் வேறு யாருக்குத் தெரியும் என்று தலைக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடினார். டீச்சர் இல்லை. வேறு யாரும் இல்லை. அப்படித்தானே அவர் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்திருந்தார்.

சாயங்காலம் வெயில் சுவருக்கு மேல் ஏறியபோது மனைவி புதுச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கலந்து தட்டைக் கொண்டுவந்தாள். கடுகின் முன்னால் வைத்தாள். அது எழுந்து உட்காரவே சிரமப்பட்டது. உட்கார்ந்த பிறகும் முன்னங்கால்கள் நடுங்கின. மனைவி தட்டுக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நாய்க்குச் சோறு வைக்கும் நேரத்தில் அவள் அந்த முற்றத்தில் இருந்ததே இல்லை.

“இன்னொரு தடவ சொல்லிப் பாருங்க,” என்றாள்.

முயன்றார். அதே சொல்தான் வந்தது.

“இன்னொரு தடவ.”

அதே சொல். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியுங்க.”

அவருக்கு விளங்கவில்லை.

“அந்த வார்த்தை. எனக்குத் தெரியும். நீங்க கதவச் சாத்திட்டுத்தான் சொல்றீங்க. சமையல்கட்டு ஜன்னல் தெறந்துதானே கெடக்கு? அங்கதானே நான் பாத்திரம் தேய்க்கிறேன், இத்தன வருஷமா. தெனம் ரெண்டு வேளை கேட்டிருக்கேன்.”

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். யாரிடமிருந்தெல்லாமோ ஒளித்தவர், வீட்டில் இன்னொரு ஜோடிக் காது இருப்பதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. முதலில் அவருக்கு வந்தது கோபம். அடுத்த நொடி அந்தக் கோபம் போய், சொல்லித்தொலையேன் என்று உடம்பு முழுக்க ஒரு தவிப்பு. அதற்கும் அடுத்த நொடிதான் அந்தக் கேள்வி வந்தது. தெரிந்திருந்தும் இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை? கேட்க முடியவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். அவளுக்கு அவர் பார்வை புரியும்.

“அந்தப் பொண்ணு சொல்லிச்சே, எடுத்துக் குடுக்காதீங்கன்னு. தேவை வந்தாத்தான் வரும்னு. கடுகு பட்டினி கெடக்குறதவிட உங்களுக்குப் பெரிய தேவை என்ன இருக்கு? எனக்காக வராது. அது எனக்குத் தெரியும். இதுக்காகக் கண்டிப்பா வந்துரும்னு நெனச்சேன். அதான் நாக்கக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். வந்ததுலேருந்து இது மூஞ்சிய என்னால பார்க்க முடியலங்க.”

எனக்காக வராது என்று, ஒரு குறையாகக்கூட இல்லாமல், மழை பெய்தது என்பதுபோல் சொல்கிறாள். இல்லை என்று மறுக்க வேண்டும். மறுத்தாலும் என்ன சொல் வரும் என்று அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை.

அவள் நாயின் பக்கம் திரும்பி மூச்சை இழுத்தாள். அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. அவள் பேசாமல் இருந்த நாளெல்லாம், இவர் பேசிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது சொல்லப்போகிறாள் என்றால், அந்த நம்பிக்கையை விட்டுவிட்டாளா? இடது கையைத் தூக்கினார். தலையை ஆட்டினார். வேண்டாம், பொறு, இன்னும் ஒரே ஒரு தடவை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தலையைக் குனிந்தாள்.

“காலைல வந்துருவாங்க,” என்றாள்.

பிறகு சொன்னாள். “அன்ஃபெட்டர்.” அடிக்குரலில், கடைசி எழுத்தைக் கடித்து, அச்சு அசலாக அவர் சொல்வதுபோலவே.

கடுகு அவளைப் பார்த்தது. திரும்பி அவரைப் பார்த்தது. அவள் இன்னொரு தடவை சொன்னாள். நாய் தட்டில் முகத்தை வைத்தது. முதலில் ஒரு வாய் எடுத்தது, விழுங்கத் தெரியாததுபோல் நின்றது. அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது, நாக்கு தட்டைத் தேய்க்கிற சத்தம். “மெதுவா, மெதுவா, எங்கயும் போயிராது,” என்று அவள் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நாய் விஷயத்தில் அவள் கை படவே கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சங்கிலி அழுதார். கடுகு பிழைத்த சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அழுதது அதற்காக மட்டும் இல்லை.

காலையில் டாக்டரும் சூப்பர்வைசரும் வந்தபோது கடுகு நான்கு காலில் நின்று குரைத்தது. சூப்பர்வைசர் பாதி இறங்கிய காலை மறுபடி காருக்குள் இழுத்துக்கொண்டார்.

“யாரு சொன்னது வார்த்தைய?”

“அவருதாங்க,” என்றாள் மனைவி.

“பேச்சு வந்திருச்சா? என்ன வார்த்தைம்மா அது?”

“அது அவருக்குத்தாங்க தெரியும்.”

சூப்பர்வைசர் ஜன்னல் வழியாகச் சங்கிலியை எட்டிப் பார்த்து, சந்தோஷம் என்று கையைக் காட்டினார். சங்கிலி தலையை மட்டும் அசைத்தார். கார் கிளம்பியது.

மத்தியானம் தொண்டை வறண்டது. மனைவி அடுப்படியில் இருந்தாள். அவள் வரட்டும் என்று சங்கிலி உதட்டைப் பழக்கிக்கொண்டிருந்தார். நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். ‘த’. இன்றைக்கு அந்த இடம் கொஞ்சம் பிடிபட்டதுபோல் இருந்தது. அவள் வந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் டம்ளர் உதட்டில் இருந்தது.

“தண்ணிதானே?” என்றாள்.

தாகமாகத்தான் இருந்தது. குடித்தார்.